துருக்கி இலக்கணம் இங்கிலீஷ் வழியா மண்டைல ஏறல, தமிழ் வழியா யாராச்சும் சொல்லித் தாங்களேன்

மதுரை மல்லி:

வணக்கம் மக்களே. துருக்கி சீரியல் பாத்து பாத்து, சப்டைட்டில் இல்லாம ஒரு எபிசோடாச்சும் பாத்துரணும்னு வீம்புக்கு மூணு மாசமா அந்த பாஷைய படிச்சுக்கிட்டு இருக்கேன். கைல ஒரு ஆப், ஒரு பிடிஎஃப் புத்தகம், ரெண்டுமே இங்கிலீஷ்ல. வார்த்தை எல்லாம் கடகடன்னு ஏறுது, இலக்கணம்னு வந்தா வண்டி நின்னுருது. பக்கத்துக்கு பக்கம் அக்யூசட்டிவ், அப்லேட்டிவ், எவிடென்ஷியல்னு போட்டு வச்சிருக்காங்க, எனக்கு அந்த இங்கிலீஷ் வார்த்தைக்கே தனியா ஒரு டிக்‌ஷனரி வேணும் போல.

மாட்டிக்கிட்டு நிக்கிற எடம் இதெல்லாம். கிதாப்னா புத்தகம். "கிதாப் ஒகுதும்"னாலும் புத்தகம் படிச்சேன், "கிதாபு ஒகுதும்"னாலும் புத்தகம் படிச்சேன்னு ஆப் சொல்லுது, ஆனா ஒண்ணு போட வேண்டிய எடத்துல இன்னொண்ண போட்டா சிவப்பு கலர்ல தப்புன்னு வருது, ஏன்னு சொல்ல மாட்டேங்குது. அப்புறம் பன்மைக்கு ஒரு வார்த்தைல லர், இன்னொரு வார்த்தைல லெர். அப்புறம் கெல்தின்னாலும் வந்தான், கெல்மிஷ்னாலும் வந்தான், ஒரு இறந்த காலத்துக்கு எதுக்கு ரெண்டு வால்? டீக்கடைல உக்காந்து பேசுற மாதிரி யாராச்சும் சொன்னீங்கன்னா புண்ணியமா போகும்.

அங்காரா குளிர்:

மல்லி, நீங்க பண்ணுன ஒரே தப்பு நடுவுல இங்கிலீஷ உக்கார வச்சதுதான். நான் ஆறு வருஷமா அங்காரால இருக்கேன், வந்த புதுசுல மொழி கிளாஸ்ல என் பக்கத்துல ஒரு ஜெர்மன்காரன் உக்காந்திருப்பான், வினைச்சொல் கடைசில வருதேன்னு முதல் வாரம் முழுக்க புலம்பிக்கிட்டே இருந்தான், எனக்கு அதுல என்ன கஷ்டம்னே புரியல. "பென் த்யூன் பக்கால்தான் எக்மெக் ஆல்தும்." நான், நேத்து, கடைல இருந்து, ரொட்டி, வாங்குனேன். ஒவ்வொரு வார்த்தையும் நாம வைக்கிற எடத்துலயே உக்காந்திருக்கு பாருங்க. ஆல்தும்ல உள்ள "உம்" நம்ம வாங்குனேன்ல வர்ற "ஏன்" மாதிரி, அதனால பென்ன தூக்கிட்டாலும் யாருன்னு தெரிஞ்சுரும். (ஃபோன்ல துருக்கி கீபோர்டு இல்ல, தமிழ்லயே அடிக்கிறேன், உச்சரிப்பு முன்ன பின்ன இருக்கும் மன்னிச்சுக்கோங்க.)

இப்ப உங்க கிதாப் கதை. இங்கிலீஷ மறந்துட்டு தமிழ்ல நீங்க எப்படி பேசுவீங்கன்னு யோசிங்க. "நேத்து என்ன பண்ணுன?" "சும்மாதான் இருந்தேன், புத்தகம் படிச்சேன்." இங்க ஏதோ ஒரு புத்தகம், எதுன்னு முக்கியமில்ல, படிக்கிற வேலைய பண்ணுனேன் அவ்வளவுதான். "நான் குடுத்தனே, அத என்ன பண்ணுன?" "அந்த புத்தகத்த படிச்சேன்." இங்க குறிப்பா ஒண்ணு, அதனால ஐ வந்துருச்சு. கிதாப் ஒகுதும், புத்தகம் படிச்சேன். கிதாபு ஒகுதும், புத்தகத்த படிச்சேன். முடிஞ்சு போச்சு. நாம பொறந்ததுல இருந்து யோசிக்காம பண்றத அவங்களும் பண்றாங்க, அதுக்குத்தான் அந்த புத்தகம் நாலு பக்கம் விளக்கம் குடுக்குது.

ஒரு வித்தியாசம் இருக்கு. நாம ஆளுன்னு வந்துட்டா பெரும்பாலும் ஐ போட்டுருவோம், டாக்டர தேடுறேன்னுதான் சொல்லுவோம், எந்த டாக்டரா இருந்தாலும். துருக்கியில "தொக்தொர் ஆருயொரும்"னா யாராவது ஒரு டாக்டர் வேணும், "தொக்தொரு ஆருயொரும்"னா அந்த குறிப்பிட்ட டாக்டர் எங்கன்னு தேடுறது. ஆனா நம்ம கிட்டயும் ஒரு எடத்துல அதே கணக்கு இருக்கே, "பொண்ணு பாக்க போறோம்"னா ஒண்ணு, "பொண்ண பாக்க போறோம்"னா வேற. அங்கயும் கல்யாண பேச்சுக்கு "குஸ் இஸ்தெமெக்"னுதான் சொல்லுவாங்க, குஸ்னா பொண்ணு, இஸ்தெமெக்னா கேக்குறது, அப்படியே நம்ம பொண்ணு கேக்குறது, வால் இல்லாம. சீரியல்ல பாத்திருப்பீங்க, மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வரிசையா சோபால உக்காந்திருப்பாங்க, பொண்ணு காபி கொண்டு வருவா, மாப்பிள்ளை கப்புல மட்டும் உப்ப அள்ளி போட்டிருப்பா, அவன் மூஞ்சி சுளிக்காம குடிக்கணும். நம்ம ஊர்ல பஜ்ஜி சொஜ்ஜியோட தப்பிச்சிடுறாங்க.

லர், லெர் விஷயம் காது சம்பந்தப்பட்டது. அவங்களுக்கு உயிரெழுத்து எட்டு, ரெண்டு கட்சியா பிரிஞ்சு நிக்குது. ஆ, ஒ, உ, அப்புறம் மேல புள்ளி இல்லாத இங்கிலீஷ் ஐ எழுத்து, இது நாலும் வாயோட பின்பக்க கட்சி. எ, இ, புள்ளி வச்ச ஒ, புள்ளி வச்ச உ, இது நாலும் முன்பக்க கட்சி. வார்த்தைல கடைசியா வர்ற உயிர் எந்த கட்சியோ அதே கட்சி வால்தான் ஒட்டும். கிதாப்ல கடைசி உயிர் ஆ, அதனால கிதாப்லார். எவ்னா வீடு, அதுல எ, அதனால எவ்லெர். மேல மேல ஒட்டுனாலும் அப்படியே போகும், எவ்லெரிம்னா என் வீடுகள், "எவ்லெரிம்தெ"ன்னா என் வீடுகள்ல, "எவ்லெரிம்தென்"னா என் வீடுகள்ல இருந்து. வீடு, கள், இல், இருந்துன்னு நாம அடுக்குற மாதிரிதான், நடுவுல "என்" மட்டும் பின்னாடி போய் ஒட்டிக்கிச்சு. மனப்பாடம் பண்ணாதீங்க, வாய்விட்டு சொல்லி பாருங்க, எவ்லார்னு சொன்னா ரெண்டு வாரத்துல உங்க காதுக்கே உறுத்தும்.

எண்ணிக்கை சொல்லிட்டா பன்மை வேணாம், மூணு புத்தகம்னு நாம சொல்ற மாதிரியே "உச் கிதாப்", ரெண்டு டீனா "இகி சாய்". இதுல நீங்க தப்பு பண்ணவே மாட்டீங்க.

மிஷ் பத்தி தனியா எழுதணும், இப்ப ஆபீஸ்ல இருக்கேன், ராத்திரி வரேன்.

தொல்காப்பிய டீக்கடை:

அண்ணன் ராத்திரி வர்றதுக்குள்ள அந்த புள்ளி இல்லாத ஐய நான் எடுத்துக்குறேன், ஏன்னா இது என் ஏரியா. இங்கிலீஷ் புத்தகத்துல அந்த ஒலிய விளக்க படாதபாடு படுவாங்க. நமக்கு அது சொந்த வீட்டு சாமான். காது, பாட்டு, ஆறு, இதுல எல்லாம் கடைசில ஒரு அரை உ வருதுல்ல, உதட்ட குவிக்காம சொல்றது, குற்றியலுகரம்னு பள்ளிக்கூடத்துல படிச்சிட்டு பரீட்சை முடிஞ்சதும் மறந்தோமே, அதேதான். தொல்காப்பியத்துல எழுத்ததிகாரத்தோட கடைசி இயலுக்கு பேரே குற்றியலுகரப் புணரியல். துருக்கியில ஆறுங்கிற எண்ணுக்கு ஆல்துன்னு சொல்லுவாங்க, நம்ம ஆறும் அவங்க ஆல்துவும் ஒரே ஒலில முடியுது பாருங்க. நமக்கு கஷ்டம் என்னன்னா நாம இத வார்த்தை கடைசிலதான் வச்சிருக்கோம், அவங்க முதல்லயும் வைப்பாங்க, மேல சொன்ன குஸ்ல வர்ற "கு" அப்படித்தான். பாட்டுல வர்ற டு மாதிரி உதட்ட தட்டையா வச்சுக்கிட்டு கு சொல்லுங்க, சரியா வரும்.

இன்னொண்ணு. கிதாப் கிதாபு ஆகும்போது அவங்க எழுத்துல ப மாறிடும், வல்லினமா இருந்தது ரெண்டு உயிருக்கு நடுவுல மாட்டுனதும் மென்மையாகி வேற எழுத்து போடுவாங்க. நாம எழுதி பாருங்க, கிதாப், கிதாபு, ரெண்டுக்கும் அதே ப. ஏன்னா நம்ம வாய் அத தானா மாத்திக்குது, பல்லுல வர்ற ப வேற கோபத்துல வர்ற ப வேறன்னு யாரும் நமக்கு சொல்லித் தந்ததில்ல. அவங்க 1928ல அரபி எழுத்த விட்டுட்டு லத்தீன் எழுத்துக்கு மாறுனப்ப 29 எழுத்து வச்சு, வாயில வர்றத அப்படியே எழுதணும்னு முடிவு பண்ணாங்க, அதனால இந்த மாற்றம் எல்லாம் எழுத்துலயே தெரியும். நமக்கு பேசும்போது லாபம், எழுதும்போது கவனம் வேணும்.

அப்புறம் இந்த உயிர் கட்சி விவகாரம் பேச்சுத் தமிழ்லயும் வேற மாதிரி இருக்கு. இடம் எடம் ஆகுது, உடம்பு ஒடம்பு ஆகுது, உலகம் ஒலகம் ஆகுது. பின்னாடி வர்ற அ முன்னாடி இருக்கறத கீழ இழுக்குது. அவங்க கிட்ட முன்னாடி இருக்கறது பின்னாடி வர்றத இழுக்குது. திசைதான் வேற.

ராக்கெட் ராஜா:

அப்ப தமிழும் துருக்கியும் ஒரே குடும்பம்னு சொல்லுங்க!! எனக்கு அப்பவே தெரியும்

தொல்காப்பிய டீக்கடை:

ராஜா தம்பி, அங்கதான் பிரேக் போடணும். கால்டுவெல் ஐயாவே 1856ல திராவிட ஒப்பிலக்கணம் எழுதுனப்ப நம்ம மொழிகளுக்கு சித்தியக் கூட்டத்தோட உறவு இருக்கும்னு நெனச்சாரு, துருக்கி எல்லாம் அந்த கூட்டத்துலதான் அப்ப சேத்து வச்சிருந்தாங்க. இன்னைக்கு அத மொழியியல்ல யாரும் நிரூபிக்கப்பட்ட உறவா ஏத்துக்கறதில்ல. நாம திராவிடம், அது துருக்கிய குடும்பம், அஸர்பைஜானி, உஸ்பெக், கஸாக் எல்லாம் அதோட பங்காளிங்க. வால் ஒட்டி ஒட்டி வார்த்தை கட்டுறதுன்னு பாத்தா ஜப்பானும் ஹங்கேரியும்கூடத்தான் அப்படி கட்டுது. குடும்பம் வேற, வீடு கட்டுற விதம் ஒத்துப் போகுது அவ்வளவுதான்.

பொதுவான வார்த்தை கொஞ்சம் இருக்கு, ஆனா அது ரெண்டு பேரும் அரபி பாரசீகத்துல இருந்து கடன் வாங்குனது. மெய்தான்னா நம்ம மைதானம், வெகில் நம்ம வக்கீல், ஹாஸுர் நம்ம கோர்ட்டுல சொல்ற ஆஜர், ஜெவாப் நம்ம ஜவாப்பு, ஷெர்பெத் சர்பத்து. பஸார்னா சந்தையும் அதான், ஞாயித்துக்கிழமையும் அதான்.

அங்காரா குளிர்:

வந்துட்டேன். டீக்கடை அண்ணே, அந்த அரை உ விஷயம் எனக்கு ஆறு வருஷம் முன்னாடி யாராச்சும் சொல்லியிருந்தா எவ்வளவு அவமானம் மிச்சமாயிருக்கும்.

மல்லி, மிஷ். கெல்தின்னா வந்தான், நான் பாத்தேன் இல்ல எனக்கு உறுதியா தெரியும். கெல்மிஷ்னா வந்தானாம். அந்த "ஆம்"தான் மிஷ். யாரோ சொல்லி கேட்டது, நான் பொறுப்பில்ல. அவங்க கதை சொல்ல ஆரம்பிக்கறதே "பிர் வார்முஷ், பிர் யொக்முஷ்"னுதான், ஒண்ணு இருந்துச்சாம், ஒண்ணு இல்லையாம்னு. நம்ம பாட்டி ஒரு ஊர்ல ஒரு ராஜா இருந்தாராம்னு ஆரம்பிச்ச மாதிரி. வார்னா இருக்கு, யொக்னா இல்ல, இது ரெண்டும் நாள் பூரா காதுல விழும்.

ஆனா மிஷ் நம்ம ஆமோட நிக்காது, இன்னொரு வேலையும் பாக்கும். இங்க குளிர்காலத்துல காலைல எந்திரிச்சு ஜன்னல் திரைய விலக்குனா வெளிய நிக்கிற கார் எல்லாம் வெள்ளையா மூடிக் கெடக்கும். பனி விழும்போது நான் பாக்கல, தூங்கிட்டு இருந்தேன், விழுந்த அடையாளத்த மட்டும்தான் பாக்குறேன். அப்ப "கார் யாமுஷ்"னு சொல்லணும், கார்னா பனி, பனி பெஞ்சிருக்கு போலன்னு அர்த்தம். யாரும் வந்து சொல்லல, நானே கண்டுபிடிச்சேன், அதுக்கும் மிஷ். பஸ்ல தூங்கி ஸ்டாப்ப விட்டுட்டா "உயுமுஷும்"னு சொல்லலாம், தூங்கிட்டேன் போலன்னு. ஆக நம்ம "ஆம்" பாதி, "போல" பாதி, ரெண்டையும் சேத்து அரைச்சா மிஷ். சீரியல்ல வில்லி வந்து "கெல்மிஷ்"னு புருவத்த தூக்கி சொன்னா, அட வந்துட்டாளே இவன்னு ஆச்சரியமும் அதுலயே வரும்.

கேள்வி கேக்கறது இன்னும் சுகம். நாம ஆ போடுற எடத்துல அவங்க மி போடுவாங்க, தனி வார்த்தையா. கெல்தி மி, வந்தானா? அலி மி கெல்தி, அலியா வந்தான்? எந்த வார்த்தை மேல சந்தேகமோ அதுக்கு பக்கத்துல மிய நகத்திக்கலாம், நம்ம ஆ மாதிரியே. இங்கிலீஷ்காரன் குரல ஏத்தி எறக்கி பண்ற வேலைய நாம ஒரு எழுத்துல முடிப்போம், அவங்களும் அப்படித்தான். இந்த மியும் கட்சி பாத்து மாறும், சாய் வார் மு, டீ இருக்கா.

இப்ப சந்தோஷத்த கொஞ்சம் அடக்கிக்கோங்க, தமிழ் நம்பி நான் விழுந்த குழி எல்லாம் சொல்றேன். என்ன பாருன்னு நாம சொல்றோம்ல, அங்க "பனா பாக்", எனக்கு பாருன்னுதான் வரும். பஸ்ல ஏறுனேன்னு இல் போடக்கூடாது, "ஒதொபுஸெ பின்திம்", பஸ்ஸுக்கு ஏறுனேன். நாய்க்கு பயம்னு நாம சொல்லுவோம், அங்க நாய்ல இருந்து பயம், "க்யோபெக்தென் கொர்குயொரும்". இதுக்கு லாஜிக் தேடாதீங்க, வினைச்சொல் படிக்கும்போதே அது எந்த வால கேக்கும்னு சேத்து எழுதி வச்சுக்கோங்க.

பெரிய குழி அலியோட வீடு. நாம அலியோட வீடுன்னு ஒரு பக்கம் மட்டும் முடிச்சு போடுவோம், அவங்க ரெண்டு பக்கமும் போடுவாங்க. அலினின் எவி. அலியோட அவன்வீடுங்கிற மாதிரி. அந்த கடைசி இய விட்டுட்டு அலினின் எவ்னு நான் ஒரு வருஷம் பேசிக்கிட்டு திரிஞ்சேன், புரிஞ்சுக்குவாங்க, ஆனா சிரிப்பாங்க. ரெண்டு பேர்ச்சொல் சேந்து ஒரு பேரா ஆனாலும் அந்த வால் வரும். இஸ்தான்புல் மேப்ப எடுத்து பாருங்க, தக்சிம் மெய்தானு, கலாதா க்யோப்ருஸு, இஸ்திக்லால் ஜாத்தெஸி, எல்லா பேருக்கும் கடைசில ஒரு வால். மெய்தான்னா மைதானம், தக்சிம் மெய்தானுன்னா தக்சிமோட மைதானம். மேப் பாத்தே இந்த பாடத்த படிச்சுரலாம்.

லண்டன் யாழ்ப்பாணத்தான்:

வணக்கம். நான் லண்டனிலை ஹரிங்கே பக்கம் இருக்கிறன். கிரீன் லேன்ஸ் றோட்டிலை ரெண்டு பக்கமும் துருக்கிக்காரர், குர்திஷ் ஆக்கள், சைப்ரஸ் ஆக்களின்ரை கடையள்தான். பாண் வாங்கப் போய்ப் போய்க் காதாலை பழகினது, இலக்கணம் எண்டு ஒருநாளும் படிக்கேல்லை. ஆனபடியா எனக்குத் தெரிஞ்சதை மட்டும் சொல்லுறன்.

எங்கடை "எண்டு" அவையளிட்டை அப்பிடியே கிடக்கு. "தியெ" எண்டு சொல்லுவினம். "யாமுர் யாஅஜாக் தியெ ஷெம்ஸியெ ஆல்தும்", மழை வரும் எண்டு குடை எடுத்தனான். தெமெக் எண்டால் சொல்லுறது, அதிலையிருந்து வந்ததுதான் தியெ. எங்கடை என்றும் "என்" எண்ட சொல்லுற வினையிலையிருந்துதானே வந்தது. குடை எடுத்ததுக்கு ஆரும் ஒண்டும் சொல்லேல்லை, மனசுக்குள்ளை சொன்னதுக்கும் எண்டுதான், அவையளுக்கும் அதே.

மற்றது, எங்கடை சாப்பாடு கீப்பாடு மாதிரி அவையளும் கதைப்பினம். நாங்கள் கி போடுறம், அவையள் ம போடுவினம். கிதாப் மிதாப், சாய் மாய். மேசை மாதிரி மயிலையே தொடங்கிற சொல்லெண்டால் ஏலாது, அப்ப "மாசா ஃபலான்" எண்டு சொல்லித் தப்பிடுவினம். மெல்ல மெல்ல எண்டதுக்கு யவாஷ் யவாஷ், ஓடி ஓடி எண்டதுக்குக் கொஷா கொஷா.

முறை சொல்லிக் கூப்பிடுறதும் எங்களை மாதிரித்தான். கடைக்காரரை ஆபி எண்டால் அண்ணை, ஆப்லா எண்டால் அக்கா. வயசான மனிசியைத் தெய்ஸெ எண்டுவினம், அம்மாவின்ரை சகோதரி. அப்பாவின்ரை சகோதரிக்கு ஹலா, வேறை சொல். அம்மாவின்ரை சகோதரன் தாயு, அப்பாவின்ரை சகோதரன் அம்ஜா. எல்லாத்தையும் ஒரே அங்கிள் ஆன்ரியிலை அடைக்கிற ஊரிலை இருந்துகொண்டு இதைக் கேக்க எனக்கு நல்ல சந்தோசம். நீ, நீங்களுக்கு சென், சிஸ். ஆனா அவன், அவள், அது எல்லாத்துக்கும் ஒரே "ஒ" தான், வினையிலையும் ஆண் பெண் காட்டாது, கதை கேக்கேக்கை ஆர் வந்தது எண்டு கொஞ்சம் குழம்பும்.

மதுரை மல்லி:

அய்யோ எல்லாருக்கும் தெஷெக்குர்லெர். மூணு மாசம் படிச்சது ஒரு பக்கம், இன்னைக்கு ஒரு நாள் படிச்சது ஒரு பக்கம். ஒரே ஒரு சந்தேகம் பாக்கி, புத்தகத்துல பதினோராவது பாடம், "நான் படிச்ச புத்தகம்"ங்கிற மாதிரி வாக்கியம். அங்க ஒரு எடத்துல என்-ங்கிற வால், ஒரு எடத்துல திக்-ங்கிற வால். எங்க எது? அப்புறம் அந்த செக்கோஸ்லோவாக்கியான்னு ஆரம்பிக்கிற ரயில் வண்டி வார்த்தைய படிச்சே தீரணுமா?

அங்காரா குளிர்:

ரயில் வண்டிய விடுங்க, அத இங்க யாரும் பேசறதில்ல, வெளிநாட்டுக்காரன பயமுறுத்த வச்சிருக்காங்க. "செக்கோஸ்லோவாக்கியாக்காரங்களா எங்களால மாத்த முடியாம போனவங்கள்ல நீங்களும் ஒருத்தராமே"ன்னு மொத்தமும் ஒரே வார்த்தைல வரும். உள்ள ஒரு முஷ் ஒளிஞ்சிருக்கு, அதான் அந்த "ஆமே". சிரிச்சிட்டு நகந்துருங்க.

ஆனா என், திக் ரெண்டும் கண்டிப்பா வேணும், ஏன்னா தமிழ் நமக்கு இங்க பாதி தூரம்தான் கூட வரும். வந்த ஆள், படிச்ச புத்தகம், நாம எல்லாத்துக்கும் ஒரே பெயரெச்சம் வச்சு ஓட்டுறோம். அவங்க ஒரு கேள்வி கேப்பாங்க, பின்னாடி வர்ற பேர்ச்சொல்தான் அந்த வேலைய பண்ணுச்சா, இல்ல வேற யாராச்சும் பண்ணாங்களா? வந்த ஆள், வந்தது அந்த ஆளேதான், அப்ப என் வரும், "கெலென் ஆதம்". நான் படிச்ச புத்தகம், படிச்சது புத்தகம் இல்ல நான், அப்ப திக் வரும், கூடவே யாருன்னு ஒரு வாலும் வரும், "ஒகுதூம் கிதாப்". முதல்ல பாத்த ஒகுதும்னா படிச்சேன், நடுவுல இழுத்து ஒகுதூம்னா நான் படிச்ச. அந்த இழுப்புதான் மேல ஒரு கொக்கி போட்ட ஜி எழுத்து, அதுக்கு பெருசா சொந்த ஒலி கெடையாது, முன்னாடி உள்ள உயிர நீட்டி விட்டுட்டு போயிரும்.

உங்க சீரியலுக்கு ஏத்த மாதிரியே சொல்றேன். "பெனி செவென் ஆதம்"னா என்ன காதலிக்கிற ஆள். "செவ்தீம் ஆதம்"னா நான் காதலிக்கிற ஆள். பாதி சீரியல் இந்த ரெண்டு ஆளும் ஒரே ஆள் இல்லங்கிறதுலதான ஓடுது.

இன்னொண்ணு, அம்மா செஞ்ச சாப்பாடுன்னு நாம சொல்லுவோம், அங்க "அன்னெமின் யாப்தூ யெமெக்", என் அம்மாவோட செஞ்ச சாப்பாடுன்னு ஓட போடணும். அலினின் எவிக்கு போட்ட அதே ரெண்டு பக்க முடிச்சு.

காலத்துக்கு ஒரு சின்ன டிப்ஸ். கெலிரிம்னா வருவேன், கெலெஜேயிம்னா வரப்போறேன். நாம "அவரு காலைல டீ குடிப்பாரு"ன்னு தினமும் நடக்கறதுக்கு எதிர்காலத்த போடுறோம்ல, அவங்க "சபாஹ் சாய் இசெர்"னு சொல்றதும் அந்த கெலிரிம் வகைதான். இந்த கணக்கு இங்கிலீஷ் வழியா வர்றவங்களுக்கு லேசுல பிடிபடாது.

கடைசியா நான் வாங்குன அடி ஒண்ணு. இப்புங்கிற வால் நம்ம "போயிட்டு, வாங்கிட்டு"ல வர்ற இட்டு மாதிரி, கிதிப் கெலியொரும்னா போயிட்டு வர்றேன். வந்த புதுசுல கீழ் வீட்டு தெய்ஸெ ஒரு நாள் கூப்பிட்டு டீ குடுத்தாங்க, கெளம்பும்போது நம்ம ஊர் பழக்கத்துல மரியாதையா "கிதிப் கெலியொரும்"னு சொல்லிட்டு என் ரூமுக்கு போயி படுத்துட்டேன். நம்ம ஊர்ல போறேன்னு சொல்லக்கூடாது, போயிட்டு வரேன்னுதான் சொல்லணும், அது ஒரு விடைபெறல். அங்க அதுக்கு நெஜமாவே போயிட்டு இப்ப திரும்பி வரேன்னு அர்த்தம். அவங்க ரெண்டு அடுக்கு கெட்டில்ல புதுசா டிகாக்‌ஷன் போட்டு, கண்ணாடி கிளாஸ கழுவி வச்சு, முக்கால் மணி நேரம் பாத்துட்டு மேல வந்து கதவ தட்டுனாங்க, ஒடம்பு சரியில்லையான்னு கேட்டு. லுங்கியோட நின்னேன்.

மதுரை மல்லி:

😂😂 லுங்கி. சரி ஹோம்வொர்க் பண்ணிருக்கேன், திருத்துங்க.

த்யூன் ஃபில்ம் இஸ்லெதிம் (நேத்து படம் பாத்தேன்). செனி பாகுயொரும் (உன்ன பாக்குறேன்). ஆபிம் கெல்மிஷ் (எங்கண்ணன் வந்துட்டான், இப்பதான் என் கண்ணு முன்னாடி பைக்க நிறுத்துனான்). அன்னெம் எவ்தெ வார் (அம்மா வீட்ல இருக்காங்க).

தொல்காப்பிய டீக்கடை:

முதல் வாக்கியம் சுத்தம், ஃபில்முக்கு வால் போடாம விட்டீங்க பாருங்க, அதுக்கே ஒரு வடை. ரெண்டாவது, பாருன்னா யாருக்கு? அண்ணன் நேத்தே சொன்னாரு, சனா பாகுயொரும். மூணாவது, கண்ணு முன்னாடி நிறுத்துனத பாத்துட்டு எதுக்கு வந்தானாம்? கெல்தி. மிஷ் போட்டா நீங்க சமையல்கட்டுல இருந்தப்ப பைக் மட்டும் வாசல்ல நிக்கறத பின்னாடி பாத்தீங்கன்னு ஆயிரும்.

அங்காரா குளிர்:

நாலாவது நம்ம எல்லாரும் பண்ற தப்பு, நான் சொல்ல மறந்துட்டேன். நமக்கு எல்லாத்துக்கும் இருக்கு ஒண்ணுதான். அவங்களுக்கு வார்ங்கிறது ஒரு பொருள் இருக்கா இல்லையான்னு சொல்றதுக்கு, "எவ்தெ எக்மெக் வார்", வீட்ல ரொட்டி இருக்கு. தெரிஞ்ச ஒரு ஆள் எங்க இருக்காங்கன்னு சொல்றதுக்கு வார் வேணாம், "அன்னெம் எவ்தெ", அம்மா வீட்ல, அவ்வளவுதான், நிறுத்திருங்க. அதே மாதிரி இல்லங்கறதும் அங்க ரெண்டு. காசு இல்லனா "பராம் யொக்". நான் டாக்டர் இல்லனா யொக் போடக்கூடாது, "தொக்தொர் தெயிலிம்". பழைய தமிழ்ல இல்லை வேற அல்லேன் வேறன்னு இருந்துச்சே, அத நாம தொலைச்சிட்டோம், அவங்க வச்சிருக்காங்க.

லண்டன் யாழ்ப்பாணத்தான்:

தங்கச்சி, ஒண்டு மறந்துபோனன். "பென்தெ" எண்டு ஒட்டி எழுதினால் என்னட்டை, "பென் தெ" எண்டு பிரிச்சு எழுதினால் நானும். எங்கடை உம் மாதிரி அந்தத் தெ. வாயாலை சொல்லேக்கை ரெண்டும் ஒண்டுதான், எழுதேக்கைதான் பிரச்சினை, துருக்கிக்காரரே பிழையா எழுதிப்போட்டுச் சண்டை பிடிப்பினம்.

மதுரை மல்லி:

குறிச்சுக்கிட்டேன்ணே. பென் தெ, நானும். அன்னெம் எவ்தெ, வார் இல்லாம. அந்த அன்னெம்தான் இப்ப கீழ இருந்து கத்துறாங்க, அண்ணனுக்கு சாய் மாய் போடணுமாம். கிதிப் கெலியொரும், துருக்கி அர்த்தத்துலயே சொல்றேன், நெஜமாவே வருவேன், பன்னெண்டாவது பாடம் இருக்கு.